மான்சூன் எந்த ஊர்க்காரன்?

போர்ட் பிளேர் லம்பா லைன் பேட்டையில் என்னைப் பார்த்து யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "மௌசம் எப்படி அங்கிள்?" என்றுதான் கேட்பார்கள். ரிட்டயர் ஆன பிறகும் விட்டபாடில்லை. மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா கேட்கிறாள். பல் பிடுங்கப் போனால் டாக்டர் என் வாயை நன்றாகத் திறக்க வைத்துவிட்டு, பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்கிறார். நான் வானிலை ஆபீஸில் அப்சர்வராக இருந்தவன். மழையை அளந்தவன்தானே தவிர, மழையை அனுப்பி வைத்தவன் இல்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லிப் புரிய வைப்பது?

எங்கள் அந்தமான் தீவுகளில் தமிழர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு பஞ்சாங்கம் உண்டு. ஒன்று மெயின்லாண்டில் அச்சடித்து வருவது. இன்னொன்று அடியேன். ஐயர் நாள் குறித்துக் கொடுத்ததும் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெண் வீடு ஒரு தீவில், மாப்பிள்ளை வீடு இன்னொரு தீவில் என்று இருக்கும். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்து. அதனால், "அன்னிக்குக் கப்பல் ஓடுமா, பாத்து சொல்லுங்க" என்பார்கள். அத்தனை நாள் முன்னால் சொல்ல முடியாதுங்க என்றால், ஜாதகம் பார்க்க மறுத்த ஜோசியரைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

போன மாதம் பழைய ஆபீஸ் பிள்ளைகள் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது எல்லாம் தானியங்கி மிஷின். காற்றை அதுவே அளக்கிறது, மழையை அதுவே அளக்கிறது, அதுவே அனுப்பியும் விடுகிறது. ஆபீஸ் ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று டீ கொடுத்தார்கள். அப்போது புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அங்கிள், மான்சூன் அரபிச் சொல்லாமே? போன்ல போட்டிருக்கு" என்றாள். டீ ஆறுவதற்குள் அவளுக்குக் கிடைத்துவிட்டது. எங்களுக்கு அது கிடைக்க இரண்டு மழைக்காலம் பிடித்தது. கூடவே என் கல்யாணம் வேறு ஆட்டம் கண்டது. அந்தக் கதையை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புனேவில் சில மாதம் இருந்தேன். குளிர்ந்தது, சப்பாத்தி தின்றேன், பாஸ் செய்தேன். நான் உண்மையில் வேலை கற்றது போர்ட் பிளேரில், சங்கரலிங்கம் சாரிடம். திருநெல்வேலிக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், நெற்றியில் திருநீறு, மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். அங்கிருந்து நடந்தேதான் ஆபீஸுக்கு வருவார். வரும் வழியெல்லாம் மேகத்தை எண்ணிக்கொண்டே வருவதால் அடிக்கடி சைக்கிள்காரர்களிடம் திட்டு வாங்குவார். திட்டியவனிடமும் நின்று, "தம்பி, இப்பச் சொன்னீரே ஒரு வார்த்தை, அது எந்த ஊரு?" என்று விசாரிப்பார். திட்டியவன் பயந்து ஓடிவிடுவான்.

அவர் தெர்மாமீட்டர் பார்க்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புல்வெளி நடுவில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கும். நாலு பக்கமும் சட்டம் சட்டமாய் இடைவெளி விட்டு, காற்று வரும், வெயில் வராது. அதன் கதவைத் திறப்பதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்வார். ரீடிங் முடிந்து கதவை மூடிய பிறகுதான் விடுவார். நம் மூச்சுச் சூடு பட்டால் பாதரசம் ஏறிவிடும். முதலில் புள்ளிக்கு அடுத்த எண்ணைப் படிக்க வேண்டும், முழு எண்ணை அப்புறம் படிக்கலாம். முழு டிகிரி எங்கேயும் ஓடிவிடாது. புள்ளிக்கு அடுத்தது நம் உடம்புச் சூட்டிலேயே நகர்ந்துவிடும். இதை நான் முதல் வாரம் மாற்றிப் படித்தேன்.

"என்னவே, பெரிசைப் பிடிச்சுக்கிட்டு சின்னதை ஓட விடுதீரு?" என்றார். அவ்வளவுதான் அவர் கோபம். அதற்கு மேல் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

சொல் விஷயத்திலும் அவர் அப்படித்தான். ஒரு நாள் நான் குறிப்புப் பகுதியில் இங்கிலீஷில் 'மான்சூன் வலுவாக இருக்கிறது' என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் ஆபத்து என்று எங்கள் ஆபீஸ் பியூனுக்குக்கூடத் தெரியும்.

"குமரேசன், இந்த மான்சூன் எந்த ஊர்க்காரன்?"

"இங்கிலீஷ் சார்."

"இங்கிலீஷ்காரன் ஊர்ல மான்சூனே கிடையாதே வேய். இல்லாத சாமானுக்கு அவன் எதுக்குப் பேரு வைக்கான்?"

அன்று சாயங்காலம் ஜெட்டி பக்கத்து டீக்கடைக்குப் போனோம். கடை வைத்திருந்த பெங்காலி சாச்சா மழையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "மௌசம் பஹுத் கராப் ஹை, பையா" என்றார். வானிலை ரொம்ப மோசம் என்று அர்த்தம். தீவில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நாமும் பொதுவாகப் பேசுவது இந்தி. அதில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த மௌசம் வரும் என்று கணக்கே கிடையாது.

"சார், கிடைச்சிருச்சு! மௌசம்தான் மான்சூன்!" என்று துள்ளினேன்.

அவர் நிதானமாக டீயை உறிஞ்சினார். "சரி. மௌசம்ல நடுவுலயும் கடைசியிலயும் 'ன்' ஏது? சாச்சா ஒட்ட வச்சாரா?"

அந்த 'ன்' தான் எங்களை ஊர் ஊராய் அலைய வைத்தது. ஊர் ஊராய் என்றால் போர்ட் பிளேருக்குள்ளேயேதான். இங்கே எந்த மொழிக்காரன் வேண்டுமானாலும் அடுத்த தெருவில் இருப்பான். அகராதியை முதலில் பார்க்கக் கூடாது என்பது சாருடைய சட்டம். "நாம வானத்தைப் பாத்துட்டுத்தானே புத்தகத்தைப் பாக்குதோம்? சொல்லுக்கும் அதே மரியாதை குடும். பேசுதவன்கிட்ட மொதல்ல கேளும்" என்பார்.

மசூதித் தெருவில் பிள்ளைகளுக்கு அரபி சொல்லிக் கொடுக்கும் உஸ்தாத் ஒருவர் இருந்தார். மலபாரிலிருந்து வந்த குடும்பம். எங்களைக் கண்டதும் மனிதருக்கு ஒரே சந்தோஷம். பாயை விரித்து உட்கார வைத்து, பால் விடாத சுலைமானி டீ கொடுத்தார்.

"மவ்ஸிம்னா காலம், சாரே. எதுக்கு எது பொருத்தமோ அதுக்குள்ள காலம். பேரீச்சம்பழத்துக்கு மவ்ஸிம் உண்டு. ஹஜ்ஜுக்கு மவ்ஸிம் உண்டு. கப்பல் எடுக்க மவ்ஸிம் உண்டு. அராபிலேர்ந்து பார்ஸிக்குப் போச்சு, அங்கேர்ந்து இந்திக்கு வந்துச்சு."

"அதுக்கும் முன்னாடி?" என்றார் சார்.

உஸ்தாத் சிரித்தார். "விடமாட்டீங்க போல. வேர்ச்சொல்லு 'வஸம'. அடையாளம் வைக்கறதுன்னு அர்த்தம். ஒட்டகத்துக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பாங்கல்ல, அது."

சார் என் தொடையில் ஓங்கி அடித்தார். "அடையாளம் போட்ட காலம்! நம்ம ஊர்ல நாள் குறிக்கதுன்னு சொல்லுதோம்லா, அதேதான்வே!" வலியோடு நானும் ஆமாம் என்றேன். ஆனால் 'ன்' இன்னும் கிடைக்கவில்லை.

அதைக் கொடுத்தவர் மெட்ராஸ் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒரு கோவாக்காரர். கப்பல் ஜெட்டிக்கு வந்ததும் சார் கையில் ஃபைலோடு வெள்ளையும் சள்ளையுமாக ஏறினாரா, சமையல்கட்டைச் சோதிக்க வந்த பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர். எல்லாப் பாத்திரத்தையும் தூக்கித் தூக்கிக் காட்டினார். உட்கார வைத்து மீன் வறுவல் போட்டார். சார் அசைவம் தொடமாட்டார். அவர் பங்கையும் நானே தின்றேன். கடைசியில் சார், "உங்க தாத்தா காலத்துல இந்த மழைக்காலத்துக்கு என்ன பேரு?" என்று இந்தியில் கேட்டதும் கோவாக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இஸ்கே லியே ஆயே க்யா?" இதுக்காகவா வந்தீங்க என்று அவர் கேட்ட தொனியில் மீன் எனக்குப் புரையேறிவிட்டது.

ஆனாலும் சொன்னார். அவர் தாத்தா போர்ச்சுக்கீசியக் கப்பலில் வேலை பார்த்தவராம். 'மொன்ஸாவ்' என்பாராம். அதையும் வாயால் சொன்னால் போதாது, மூக்கால் சொல்ல வேண்டும் என்று தன் மூக்கைப் பிடித்துக் காட்டினார். சார் அதே மாதிரி சொல்லிப் பார்த்தார். நானும் சொன்னேன். மேடு ஏறி வீட்டுக்கு வரும் வழி முழுக்க இரண்டு பேரும் மூக்கால் 'மொன்ஸாவ்' என்று சொல்லிக்கொண்டே வந்ததில் நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன.

"'ன்' மூக்கு வழியாத்தான்வே வந்திருக்கு!" என்று சார் நடுரோட்டில் நின்று கத்தினார். அரபு மாலுமி சொன்ன மவ்ஸிமைப் போர்ச்சுக்கீசியன் தன் மூக்கால் வாங்கிக்கொண்டான். அவனிடமிருந்து டச்சுக்காரன், பிறகு இங்கிலீஷ்காரன். அட்டை கிழிந்த லைப்ரரி அகராதியில் அப்புறமாகச் சரிபார்த்தோம். டச்சுக்காரனும் கிட்டத்தட்ட 'மொன்சூன்' என்றே சொல்லியிருக்கிறான். சார் அன்று ஆபீஸ் முழுவதற்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று பியூன் கேட்டதற்கு, "ஒரு ஆளோட சொந்த ஊரு தெரிஞ்சு போச்சு" என்றார்.

இனி என் கதை. தினமும் காலையில் மற்றத் தீவுகளில் உள்ள நிலையங்கள் ஒயர்லெஸ்ஸில் ரீடிங் சொல்லும். நான் எழுதிக்கொள்வேன். லிட்டில் அந்தமானில் ஹட் பே நிலையத்திலிருந்து ஒரு பெண் குரல் வரும். பெயர் தவமணி. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பிறகு ஹட் பேயில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது குரல் மட்டும். அவசரமில்லாத குரல். ஒரு எண் சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து அடுத்த எண்ணைச் சொல்லும். மற்ற நிலையக்காரர்கள் எல்லாம் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி கொட்டுவார்கள். இத்தனைக்கும் தீவில் ரயிலே கிடையாது.

சார் ஒரு நாள் என் பின்னால் நின்று கேட்டார். "இந்தப் பொண்ணு புள்ளிக்கு அடுத்ததை விழுங்காம அழுத்திச் சொல்லுது, கவனிச்சீரா?"

"கவனிச்சேன் சார்."

"ரொம்ப நாளாவே கவனிக்குதீரு போல." நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு மாதத்துக்குள் மனிதர் என் அப்பாவிடம் பேசி, எங்களை எல்லாம் கப்பலேற்றி ஹட் பேக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தவமணியின் அப்பா பெரியசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெயில் மழைய பாத்து எழுதுறதுக்கு கவர்மெண்டு சம்பளங் குடுக்குதாங்க? எங்க தோட்டத்துல அத மாடுங்க கூட பாக்குதுங்க." பிறகு யோசித்து, "எம் மகளும் அதத்தான் செய்யிறா. ஒரு வீட்டுல ரெண்டு பேரும் வானத்த பாத்துக்கிட்டு நின்னா சோறு யாருங்க ஆக்குறது?" என்றார். கூடலூரில் அவருடைய அக்கா மகன் ஒருவன் கடை வைத்திருந்தான். முறைமாப்பிள்ளை. அவனுக்குத்தான் தவமணி என்று வெகுநாளாக ஒரு பேச்சு இருந்ததாம். தவமணி மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதால், அரை மனசாகத்தான் எனக்குச் சம்மதித்தார். "நாள் குறிக்கிறது கூடலூர்ல இருக்க எங்கண்ணன். அதுல மட்டும் யாரும் கை வைக்கப்படாது. அந்த முகூர்த்தம் தப்புனா இந்தச் சம்பந்தம் இல்லைங்க. அக்கா மகனுக்கே குடுத்துருவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

கூடலூர் அண்ணன் ஆவணியில் நாள் குறித்து அனுப்பினார். அவர் ஊரில் ஆவணி நல்ல மாதம். எங்கள் கடலுக்கு அது தெரியுமா? எங்களுக்குத் தென்மேற்குக் காற்று முழுசாக அடங்காத நேரம் அது. ஊர் முழுக்க நாள் பார்த்துச் சொல்கிற ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, என் கல்யாண நாளைப் பற்றி நான் வாயே திறக்க முடியவில்லை. சார் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மெயின்லாண்டு பஞ்சாங்கத்துக்குக் கடல் தெரியாதுவே" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் போர்ட் பிளேரில், முருகன் கோவிலில். முந்தின நாள் கப்பலில் பெண் வீட்டார் எல்லோரும் வருவதாக ஏற்பாடு. அன்று காலை ஒயர்லெஸ் முன்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்திலிருந்துதான் லீவு. வெளியே தென்னை மரங்கள் ஆடுகிற ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஹட் பே கூப்பிட்டது. அவள் குரல் வருவதற்கு முன்னாலேயே பின்னாலிருந்து அவள் அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கொஞ்சங் கொறச்சு சொல்லு புள்ள. ஒரு நாளைக்கித்தானே. கப்பல் வந்துரட்டும்."

ஒயர்லெஸ் என்பது டெலிபோன் இல்லை. எல்லாத் தீவு நிலையமும் கேட்டுக்கொண்டிருந்தது. இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு தவமணி வழக்கம்போல, நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். காற்றின் திசை, வேகம், மழை. கடைசியில், "சீ, வெரி ரஃப். ஓவர்." கடல் மிகக் கொந்தளிப்பு.

"ரிபீட் ப்ளீஸ், ஓவர்" என்றேன். சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்லச் சொல்வது முறைதான். எனக்கு என்ன சந்தேகம் என்று எல்லாத் தீவுக்கும் தெரிந்திருக்கும்.

அவள் திரும்பச் சொன்னாள். அதே எண்கள். இன்னும் மெதுவாக. தன் கல்யாணத்தைத் தானே நிறுத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அப்போது கார் நிக்கோபார் ஆபரேட்டர் பொறுக்க மாட்டாமல் உள்ளே புகுந்து, "அரே பையா, அப் ஷாதி கா க்யா ஹோகா?" என்றான். இப்ப கல்யாணத்துக்கு என்ன ஆகும்? சார் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

"தாயி, ரீடிங் சரி" என்றார்.

கப்பல் ரத்து. நீங்கள் நினைத்துப் பாருங்கள், வானிலை ஆபீஸ்காரன் கல்யாணம் வானிலையால் நின்றால் லம்பா லைன் சும்மா இருக்குமா? "மழை ஆபீஸ்காரனுக்கே மழை கல்தா குடுத்திருச்சு" என்று சந்துக்குச் சந்து சிரிப்பு. பந்தல் தண்ணீர் கோத்துத் தொங்கியது. நறுக்கிய காயெல்லாம் சாம்பாராகிப் பக்கத்து வீடுகளுக்குப் போயிற்று. என் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், ஏதோ நான்தான் காற்றை ஊதிவிட்ட மாதிரி. முகூர்த்தம் போனது. மறுநாள் ஹட் பேயிலிருந்து சேதி வந்தது. சம்பந்தம் இல்லை. முதல் கப்பலில் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து மெட்ராஸ் கப்பல் ஏறிக் கூடலூர் போகிறார்கள். அவ்வளவுதான். அன்று நான் சாப்பிடவில்லை. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் எனக்கு என்ன வெட்கம்?

இரண்டொரு நாளில் கடல் சற்றே இறங்கி, கப்பல் விட்டார்கள். தவமணி வேலையை விட்டுப் போகிறவள் ஆயிற்றே, நிலையத்துச் சாவியை சாரிடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் அப்பாவும் மகளும் எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். நேரம் பார்த்தார்களே ஒரு நேரம்! நான் பலூன் கூடத்தில் இருந்தேன். மேல்காற்று அளக்க ஹைட்ரஜன் நிரப்பி ஒரு பலூன் விடுவோம். அது மேலே போகப் போக தொலைநோக்கியால் பின்தொடர்ந்து பார்ப்போம். பலூன் முழுசாக நிரம்பி என் கையை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது. வாசலில் தவமணி. நான் அவளை நேரில் பார்ப்பது அதுதான் இரண்டாவது தடவை. சட்டை கசங்கி, தலை கலைந்து, கையில் பலூனோடு திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றேன்.

பெரியசாமி சண்டை போட வந்தவர்தான். ஆனால் மனிதருக்குக் கால் நிற்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. அங்கே கிடந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் வாந்தி. சார் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்.

"ஏங்க, இதுதான் அடங்குன கடலா?" என்றார் பெரியசாமி.

"இன்னைக்குக் காலையில என்ன குடுத்தே தாயி?" என்று சார் கேட்டார்.

"மாடரேட் சார்" என்றாள் தவமணி.

பெரியசாமி மகளை நிமிர்ந்து பார்த்தார். "இது மாடரேட்டுன்னா... அன்னிக்கி நீ சொன்னது?"

"அது வெரி ரஃப்பா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மூத்தவ மாசமா இருக்கா. அவளையுங் கப்பல்ல ஏத்தியிருப்பேன்" என்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "புள்ள செஞ்சது சரிதாங்க. நான் ஒத்துக்கிறேன். ஆனா குறிச்ச நாளு போயிருச்சே. தப்புன முகூர்த்தத்துச் சம்பந்தம் ஒட்டாதுங்க. கூடலூருக்கும் சொல்லி விட்டாச்சு." சொல்லிவிட்டு, மனசு ஆற, மடியிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தார்.

ஹைட்ரஜன்! சார் "அண்ணாச்சி!" என்று அலறினார். அதற்குள் தவமணி பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கிவிட்டாள்.

"அப்பா! அதுக்குள்ள கேஸ் இருக்கு! அவரு எரிஞ்சு போயிருவாரு!"

நம் ஜனத்தில் ஒரு பெண், பேர் சொல்லாமல் 'அவரு' என்று யாரைச் சொல்வாள் என்பது பெரியசாமிக்குத் தெரியாதா? மகளையும் பார்த்தார், பலூனையும் பார்த்தார், அதைப் பிடித்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார்.

சார் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சி, மான்சூன்னு ஒரு சொல்லு இருக்கு" என்று ஆரம்பித்தார். மூழ்குகிறவனுக்குக் கயிறு போடச் சொன்னால், கயிறு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தொடங்குகிற மனிதர் அவர். டீக்கடை மௌசத்தில் தொடங்கி உஸ்தாத் வீட்டுக்குப் போனார். கோவாக்காரர் மூக்கைப் பிடித்ததை நடித்தே காட்டினார். பலூன் விடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. என் கை மரத்துவிட்டது.

"ஐயா, அராபி, போர்ச்சுக்கல் எல்லாஞ் சுத்தி வந்துட்டீங்க. கடைசியில என்னாதான் சொல்ல வாறீங்க?" என்றார் பெரியசாமி.

"நீரு நாள் குறிச்சீருல்லா? அதுக்கு அரபியில சொல்லுதது இதே சொல்லுதான். அடையாளம் போட்ட காலம். ஆனா அரபுக்காரன் ஒத்தை நாழிகையில போய் அடையாளம் போடல, அண்ணாச்சி. ஒரு காலத்துக்கே போட்டான். காத்து மூர்க்கமா இருக்கையில கரையிலயே கிடந்தான். காத்தோட வாலு மட்டும் மிச்சம் இருக்கையில பாயை விரிச்சான். பத்து நாள் பிந்திப் போச்சு, தோஷம் வந்திருச்சுன்னு எவனும் கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகல. கரையில காத்துக் கிடந்ததும் அந்தக் காலத்துக்குள்ளதான் சேத்தி. அதைத்தான் நாம பருவம்னு சொல்லுதோம். ஒம்ம நாளு இன்னும் போகல."

பெரியசாமி பீடியைக் காதில் செருகிக்கொண்டார். "அப்ப எந்த நாளுங்க?"

"எங்கிட்ட ஏன் கேக்கீரு? கடலை அளக்கது ஒம்ம பொண்ணு."

அவர் மகள் பக்கம் திரும்பினார். அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் அவள் சொன்னாள். "சொல்லு புள்ள. கடலு எப்ப அடங்கும்?"

தவமணி வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. "இந்த வாரம் அடங்காதுப்பா" என்றாள். பிறகு சொன்னாள்: "ஆனா நாமதான் கடலத் தாண்டி வந்துட்டோமே. இன்னும் எதுக்கு அதக் கேக்கணும்?"

நான் பலூனைக் கை நழுவ விட்டுவிட்டேன். அது பாட்டுக்குக் கூடத்து வாசல் வழியாக வெளியேறி மேலே போயிற்று. தொலைநோக்கியில் யாரும் இல்லை. சார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியசாமி சிரித்தபடி எழுந்து, "மாப்பிள்ளைக்கு ஒரு பலூனையே புடிச்சு வைக்கத் தெரியலையே" என்றார்.

மறுநாள் காலையே கல்யாணம். பந்தல் இல்லை, பத்திரிகை இல்லை, கூடலூர் அண்ணனுக்குத் தந்தி மட்டும். என் ட்யூட்டியை சார் எடுத்துக்கொண்டார். ரீடிங்கை விட்டுவிட்டு வர முடியாது என்று, முடித்து வைத்த மனிதரே கல்யாணத்துக்கு வரவில்லை. கோவிலின் தகரக் கூரையில் மழை போட்ட சத்தத்தில் மேளக்காரர் வாசித்தாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை. நான் மூன்றாம் முடிச்சுப் போடக் குனிந்தபோது தவமணி எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"காத்து திசை மாறிருச்சு. பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். எங்கே பார்த்தேன்? நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை. என் சர்வீஸ் முழுவதும் நான் கொடுத்த பொய் ரீடிங் அது ஒன்றுதான்.